பெயர் வரிசையில் மறைந்து நிற்போர்

கிறித்தவ வேதாகமத்தை முதல் ஏட்டிலிருந்து படிக்கத் தொடங்கும் எவரும் சில பக்கங்கள் சென்றதும் ஓரிடத்தில் தயங்கி நிற்பர். படைப்பின் வரலாறும் பெருவெள்ளத்தின் வரலாறும் விறுவிறுப்பாகச் சென்றுகொண்டிருக்க, இடையே பெயர்கள் அணிவகுத்து வரும். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று ஒரே நடையில் அவ்வரிசை நீளும். நாளாகமம் என்னும் நூலிலோ முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்களே. புதிய ஏற்பாட்டைத் திறந்தாலும், மத்தேயு எழுதிய முதல் நற்செய்தி ஒரு பெயர் வரிசையோடுதான் தொடங்குகிறது. சீகன்பால்கு பாதிரியார் தரங்கம்பாடியில் 1715-ஆம் ஆண்டு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தபோது அந்த எபிரேயப் பெயர்களும் தமிழ் எழுத்தில் அச்சேறின.

படிப்போர் இப்பக்கங்களைப் புரட்டிவிட்டு அப்பால் செல்வதே வழக்கம். அபியூத், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத் என்று மத்தேயு அடுக்குகிறார். இவர்கள் போர் வென்றவர்களா? நூல் இயற்றியவர்களா? ஒரு செய்தியும் இல்லை. ஒருவர் பிறந்தார், ஒரு மகனைப் பெற்றார், மறைந்தார் என்ற அளவே நமக்குத் தெரிகிறது.

ஆனால் சற்று எண்ணிப் பார்ப்போம். எழுதுவதற்குரிய தோலும் நாணல் தாளும் அரிய பொருளாக இருந்த காலம் அது. எழுதத் தெரிந்தவரும் மிகச் சிலரே. அத்தகைய காலத்தில், ஒன்றுக்கும் உதவாத பெயர்களை ஒருவர் இத்துணைப் பாடுபட்டு எழுதி வைப்பாரா? இவ்வினாவுக்கு விடை தேடினால், ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு அதில் ஒரு நல்ல பாடம் கிடைக்கக் காண்கிறோம்.

ஊர் இழந்தோர் எழுதிய ஏடு

கி.மு. 586-ஐ ஒட்டிய ஆண்டில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேம் நகரை அழித்தான். கோயில் தீக்கிரையாயிற்று. யூத மக்களிற் பலர் சிறைப்பட்டுத் தொலைவிலுள்ள பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், கி.மு. 539-இல், பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் தம் நாடு திரும்ப அவன் இசைந்தான். அதற்குள் சிறைப்பட்டுச் சென்றவர்களின் மக்களும் பேரர்களும் அயல்நாட்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டனர். மூதாதையர் ஊரை அவர்களுட் பலர் கண்ணாற் கண்டதும் இல்லை.

நாளாகமம் என்னும் நூல் இத்திரும்புகைக்குப் பின்னர் எழுதப்பட்டது என்பது அறிஞர் துணிபு. அப்படியானால் அதன் ஒன்பது அதிகாரப் பெயர் வரிசைக்குப் பொருள் விளங்குகிறது. நகரம் இடிந்தது, கோயில் எரிந்தது, நிலம் பிறர் கைக்குப் போயிற்று. எரிக்கவும் பறிக்கவும் இயலாத உடைமையாக எஞ்சியவை பெயர்களே. 'நாம் யார்?' என்று கேட்ட புதிய தலைமுறைக்குப் பெரியோர் கொடுத்த விடை அந்த வரிசை. ஆதாமிலிருந்து தொடங்கி, திரும்பி வந்து எருசலேமிற் குடியேறியவர் வரை அது வந்து முடிகிறது. முதல் மனிதனையும் தெருக்கோடியில் நேற்றுக் குடியேறியவனையும் ஒரே கயிற்றில் அது கட்டுகிறது.

குடிபெயர்ந்தோர் வாழ்க்கை அப்பெயர்களின் உள்ளேயே பதிந்திருப்பதும் கருதத்தக்கது. திரும்பி வந்தவர்களுக்குத் தலைவராக நின்றவர் செருபாபேல். தாவீது அரசனின் வழித்தோன்றல் அவர். ஆயினும் அவர் பெயருக்குப் 'பாபிலோனின் வித்து' என்பது பொருள். எந்த நகரம் தம் மக்களைச் சிறைகொண்டதோ அந்த நகரத்தின் பெயரே அவர் பெயராக அமைந்தது. இன்னும் முற்பட்ட காலத்து மோசே, மீதியான் நாட்டில் அயலானாக வாழ்ந்தபோது பிறந்த தம் மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிட்டார். அயல்நாட்டில் தாம் பரதேசியாய் இருந்ததை அப்பெயரால் அவர் குறித்ததாக யாத்திராகமம் விளக்குகிறது. பிழைக்கச் சென்ற ஊரில் பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் இடுவது என்று நாம் தயங்குகிறோம் அல்லவா? அந்தத் தயக்கம் மிகப் பழமையானது.

வாயில் காப்போரும் குயவரும்

வரிசையில் இடம் பெற்றோர் அனைவரும் அரசரும் ஆசாரியரும் என்று எண்ணிவிட வேண்டா. நாளாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் கோயில் வாயில் காத்தோர் பெயர்கள் உள்ளன. சல்லூம், அக்கூப், தல்மோன் என்று பெயர் சொல்லி, காவலர் தொகை 212 என்றும் அந்நூல் கணக்குக் கூறுகிறது. நான்காம் அதிகாரத்தில் மெல்லிய துணி நெய்த குடும்பத்தாரும், அரசனுக்காகப் பானை வனைந்த குயவரும் இடம் பெறுகின்றனர். ஏழாம் அதிகாரத்தில், எப்பிராயீமின் வழியில் வந்த சேராள் என்னும் பெண் ஊர்களைக் கட்டினாள் என்ற செய்தி ஒரே வாக்கியத்தில் வந்து மறைகிறது. ஆண்கள் பெயரே நிறைந்த ஏட்டில் ஊர் கட்டிய ஒரு பெண்ணின் பெயரை விட்டுவிட எழுதியவருக்கு மனம் வரவில்லை.

எண்ணாகமத்தில் வரும் செலொப்பியாத்தின் கதை இன்னும் கூர்மையானது. அவருக்கு ஆண்மக்கள் இல்லை. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்மக்கள். ஆண்வாரிசு இல்லை என்பதற்காகத் தம் தந்தையின் பெயர் குலத்திலிருந்து அற்றுப்போக வேண்டுமா என்று அவர்கள் சபை நடுவே நின்று வினவினர். அவர்கள் வழக்கு நேர்மையானது என்று தீர்ப்பாயிற்று. நிலத்தில் பங்கும் கிடைத்தது. பெயர் நிற்பதும் நிலம் நிற்பதும் அங்கு ஒன்றாயிருந்தன. ஐந்து பெண்களின் பெயர்களும் ஒன்று விடாமல் ஏட்டில் ஏறின.

பெயர் தொலைந்தால் நேர்வது

பாபிலோனிலிருந்து மீண்டவர்களின் பட்டியலை எஸ்றாவின் நூல் தருகிறது. அதில் துயரம் தரும் ஒரு பகுதி உண்டு. ஆசாரியர் குலத்தவர் என்று சொல்லிக்கொண்ட சில குடும்பத்தார் தம் வம்ச அட்டவணையைத் தேடினர். அது கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஆசாரியப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களுள் ஒரு குடும்பத்தின் முன்னோர், கீலேயாத்து ஊரினரான பர்சிலாய் என்பவர் வீட்டில் பெண்ணெடுத்து, மாமனார் வீட்டுப் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர். புகுந்த வீட்டுப் பெயர் நிலைத்தது. பிறந்த வீட்டு வரிசையிலோ இடம் காணக் கிடைக்கவில்லை. பல தலைமுறைக்குப் பின் வந்த பிள்ளைகள் அதன் விளைவை ஏற்க நேர்ந்தது.

இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இப்பகுதி நன்கு விளங்குகிறது. வண்டியில் பயணம் செய்வோர் எஞ்சினைப் பார்ப்பர், பெட்டிகளைப் பார்ப்பர். ஒரு பெட்டியை மறு பெட்டியோடு பிணைக்கும் கப்ளிங்கை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அது கழன்றால்தான் அதன் அருமை தெரியும். பெயர் வரிசையில் வரும் ஆசோரும் ஆகீமும் அத்தகையோர். அவர்கள் தனியே ஒரு புகழும் பெறவில்லை. ஆனால் அவர்கள் இல்லையேல் முன்னதும் பின்னதும் வெவ்வேறாகிவிடும்.

மேல்கோட்டையில் ஒரு வரிசை

இதற்கு எபிரேயர் நாடு வரை போக வேண்டுவதில்லை. மைசூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மண்டியா மாவட்டத்தில், மேல்கோட்டை இருக்கிறது. திருநாராயணபுரம் என்றும் யதுகிரி என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஊருக்கு இரயில் இல்லை. பெங்களூர் - மைசூர்ப் பாதையில் பாண்டவபுரம் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே செல்லலாம். குன்றின் உச்சியில் யோக நரசிம்மர் கோயில், கீழே செல்வநாராயணர் கோயில், நடுவே படிக்கட்டுடன் கூடிய கல்யாணிக் குளம்.

இராமாநுசர் சோழ நாட்டில் இருக்க இயலாத நிலை ஏற்பட்டு, கன்னட நாட்டுக்கு வந்து, போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் காலத்தில் இங்கே தங்கினார் என்பது வைணவ மரபு. 12 ஆண்டுகள் அவர் இருந்ததாகக் கூறுவர். அவரே ஒருவகையில் குடிபெயர்ந்தவர்தாம். அவர் திருவரங்கம் திரும்பியபோது பிரிவாற்றாத அடியார்களுக்காக அமைந்த உருவம் இன்றும் இக்கோயிலில் உள்ளது. அதனைத் 'தமர் உகந்த திருமேனி' என்பர். கோயிற் பணிக்கென அவர் ஐம்பத்திருவரை ஏற்படுத்திச் சென்றார் என்றும் மரபு சொல்லும்.

நூற்றாண்டுகள் பல கழிந்தபின்னும், கன்னட நாட்டின் நடுவே அமைந்த அவ்வூர்க் கோயிலில் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்கள் ஓதப்படுகின்றன. இப்பகுதியைச் சேர்ந்த மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில் வீட்டில் வழங்குவது ஒருவகைத் தமிழ். வீதியில் வழங்குவது கன்னடம். இத்துணைக் காலம் இவ்வழக்கு அறாமல் நின்றதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று, ஆசிரியர் பெயர்களை வரிசை முறையில் சொல்லிச் சொல்லி வருதல். அதனைக் குருபரம்பரை என்பர்.

நாதமுனிகள், உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி, ஆளவந்தார், பெரிய நம்பி, இராமாநுசர் என்று அவ்வரிசை வரும். நாதமுனிகளையும் ஆளவந்தாரையும் இராமாநுசரையும் பலர் அறிவர். இடையில் நிற்கும் மணக்கால் நம்பி யார்?

நாதமுனிகளின் பேரர் ஆளவந்தார். பாட்டனார் தேடி வைத்த ஞானச் செல்வம் பேரனைச் சேர வேண்டும். ஆனால் பேரனோ இளமையிலேயே அரசச் செல்வம் பெற்று மாளிகையில் வாழ்கிறார். வாயிலுக்குள் நுழையவே இயலவில்லை. மணக்கால் நம்பி என்ன செய்தார்? ஆளவந்தாருக்குத் தூதுவளைக் கீரையில் விருப்பம் என்று அறிந்து, நாள்தோறும் அதனைப் பறித்துக்கொண்டு வந்து மடைப்பள்ளியில் கொடுத்தார். ஆறு மாதம் இவ்வாறு நடந்ததாம். பின்னர்ச் சில நாள் நிறுத்தினார். இலையில் கீரை இல்லாததைக் கண்டபிறகே ஆளவந்தார் அது யார் கொண்டுவந்தது என்று கேட்டார். நம்பி அழைக்கப்பட்டார். அவர் பொருள் எதையும் வேண்டவில்லை. உம் பாட்டனார் வைத்துச் சென்ற நிதி என்னிடம் இருக்கிறது, அதை உம்மிடம் சேர்ப்பிக்கவே வந்தேன் என்று தெரிவித்து, ஆளவந்தாரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார்.

பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நின்று, கீரைக்கட்டோடு வாயிலில் காத்திருந்த மனிதர்! வரிசையில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு பெயரளவே. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் வரிசை அங்கேயே அறுந்துவிடும்.

இராமாநுசரைச் சூழ்ந்திருந்தோர் பெயர்களையும் பார்க்கலாம். மைசூர்ப் பகுதியிலுள்ள சாளக்கிராமத்தைச் சேர்ந்த ஒருவரை வடுக நம்பி என்றே தமிழ் மரபு அழைக்கிறது. வேற்று மொழியாளர் என்பது பெயரிலேயே தெரிகிறது. ஆயினும் நெருங்கிய சீடர் வரிசையில் அவர் நிற்கிறார். சோழ நாட்டிலிருந்து மேற்கே வந்த வழியில் இராமாநுசர் குழுவினருக்கு உணவளித்த ஒரு பெண்மணியைக் கொங்குப் பிராட்டி என்பர். பஞ்ச காலத்தில் ஊரை விட்டுத் திருவரங்கம் சென்று பிழைத்தபோது அவர் இராமாநுசரிடம் உபதேசம் பெற்றார் என்றும், ஊர் திரும்பிய பின்னரும் அதை மறவாதிருந்தார் என்றும் கதை கூறும். அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வழங்கவில்லை. ஊர்ப் பெயர் ஒன்றே நிற்கிறது. எனினும் வழிநடையில் வந்தோர்க்கு ஒருவேளை சோறிட்ட கை மறக்கப்படவில்லை.

வேலியா, கயிறா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். பெயர் வரிசை என்பது குலப்பெருமை பேசுவதற்கும், பிறரை விலக்கி வைப்பதற்கும் அன்றோ பயன்பட்டது என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. மேலே கண்ட எஸ்றாவின் பட்டியல் சிலரைச் சேர்த்தது போலவே சிலரை வெளியே நிறுத்தவும் செய்தது. நம் நாட்டிலும் வமிசம் பேசி மனிதரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய வரலாறு நீண்டது.

ஆனால் நல்ல வரிசையின் இலக்கணம் வேறு. மத்தேயுவின் வரிசையில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் இடையே வருகின்றனர். ரூத் மோவாபு நாட்டுப் பெண். கணவனை இழந்து, மாமியாரைப் பின்பற்றி, அயல்நாட்டுக்கு வந்து, பிறர் வயலில் சிந்திய கதிர் பொறுக்கி வாழ்ந்தவள். அவள் வழியிலேயே தாவீது பிறந்தார். அந்தப் பெயரை மறைத்துவிட்டு எழுதியிருக்கலாம். மத்தேயு மறைக்கவில்லை.

மேல்கோட்டையிலும் இதற்கு நிகர் உண்டு. செல்வப்பிள்ளை என்னும் உற்சவ மூர்த்தியின் திருவடியில் பீபி நாச்சியார் இருக்கிறார். அம்மூர்த்தியின்மீது அன்பு கொண்டு தில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த துலுக்க அரசிளங்குமரி அவர் என்பது கதை. தில்லி சுல்தான்களின் ஆட்சி 1206-இல்தான் தொடங்கிற்று. ஆகவே இராமாநுசர் காலத்தோடு அக்கதை பொருந்தாது. ஆயினும் வேற்றுச் சமயத்துப் பெண் ஒருத்திக்குத் தம் இறைவனின் திருவடியில் இடம் தர ஒரு சமூகம் விரும்பிற்று என்பது உண்மை. அம்மூர்த்தியை மீட்டு வர உதவிய ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று இராமாநுசர் பெயரிட்டதாகவும், ஆண்டில் சில நாட்கள் அவர்கள் கோயிலுள் செல்ல வழிசெய்ததாகவும் கூறுவர். ஆண்டு முழுவதும் திறக்க வேண்டிய வாயில் சில நாளே திறந்தது. உதவியோரின் தனித்தனிப் பெயரும் அக்கதையில் வருவதில்லை, பொதுப்பெயரே வருகிறது. வரிசையில் எழுதாமல் விட்ட பெயர்களுக்காகவும் நாம் வருந்த வேண்டியிருக்கிறது.

நம் இல்லத்து ஏடு

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழில் பேரன் என்னும் சொல் 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பாட்டனுக்கு மேல் பூட்டன், அவனுக்கு மேல் ஓட்டன் என்று உறவுமுறைச் சொற்கள் நம்மிடம் உள்ளன. சொல் இருக்கிறது, அந்த இடத்தில் நிரப்பப் பெயர் இருக்கிறதா? பூட்டனாரின் பெயரைத் தயங்காமல் சொல்லக்கூடியவர் நம்முள் எத்தனை பேர்? பூட்டியின் பெயரைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

நம் வழக்கப்படி தந்தையின் பெயர் ஒரு தலைப்பெழுத்தாகச் சுருங்குகிறது. மகன் தலையெடுத்ததும் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. இரண்டு தலைமுறையில் ஒரு மனிதரின் பெயர் முற்றும் மறைய இவ்வளவே போதும். மேல்கோட்டையில் 1905-இல் பிறந்து, 1998-இல் மறைந்த கன்னடப் பெருங்கவிஞர் பு. தி. நரசிம்மாச்சாரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் தமிழ் வழங்கிய குடும்பத்தவர் அவர். கன்னட நாடு அவரைப் பு.தி.ந. என்று மூன்றெழுத்தில் போற்றுகிறது. 'பு' என்பது புரோகித என்னும் குடும்பப் பெயர். 'தி' என்பது திருநாராயண ஐயங்கார் என்னும் தந்தையின் பெயர். மேல்கோட்டை இறைவனின் பெயரும் அதனுள் அடங்கியிருக்கிறது. எழுத்தை விரித்தால் ஒரு தந்தையும் ஓர் ஊரும் வெளிப்படுகின்றனர். விரிக்க ஒருவரும் இல்லையேல் அது வெறும் எழுத்தே. முன்னோர் மொழியை வீட்டில் வைத்துக்கொண்டே, வாழ வந்த நாட்டின் மொழிக்கு அணிகலன் ஆக முடியும் என்பதையும் அவர் வாழ்வு காட்டுகிறது.

ஆகவே அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். இம்மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தந்தை வழியோடு தாய் வழியையும் எழுதுங்கள். பெண்களைப் 'பாட்டி' என்று மட்டும் குறிக்காமல் அவர்கள் பெயரைக் கேட்டு எழுதுங்கள். பிறந்த ஊர், செய்த தொழில், இந்நகருக்கு முதன்முதல் வந்தவர் யார், எந்த ஆண்டில் வந்தார், வந்தபோது தங்க இடம் கொடுத்தவர் யார் என்பனவற்றையும் சேருங்கள். அந்த இடங்கொடுத்தவர் நம் சாதியினராகவோ நம் மொழியினராகவோ இல்லாமலும் இருக்கலாம். அவர் பெயர் கட்டாயம் வேண்டும். குடும்பத்துக்கு வெட்கம் என்று எண்ணி எவர் பெயரையும் விடாதீர்கள். வேண்டா என்று ஒதுக்கிய திருமணத்தில் வந்த மருமகளும், ஊரோடு ஒத்துப்போகாத சித்தப்பாவும் அதில் இடம் பெறட்டும். எழுதியதைப் பிள்ளைகளைக் கொண்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து வராவிடில் எந்த எழுத்திலாவது எழுதிக்கொள்ளட்டும். பெயர்களின் ஒலி காதில் விழுந்தால் போதும்.

மூத்தோர் இருக்கும்போதே இது செய்ய வேண்டிய காரியம். அட்டவணையைத் தேடி அது கிடைக்காது நின்ற குடும்பத்தாரின் நிலை நம் பேரப்பிள்ளைகளுக்கு வர வேண்டா. பாட்டனார் வைத்துச் சென்ற நிதி ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் நினைவில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பேரன் கையிலும் பேத்தி கையிலும் சேர்ப்பிப்போம்.